குழலின் நீளமும் கண்ணின் எட்டமும்

குலசேகரத்திலிருந்து தக்கலை வழியாக நாகர்கோவில் போகிறவர்கள் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையைத் தாண்டித்தான் போக வேண்டும். கோட்டைக்குள், கூரை போன பழைய தேவாலயத்தில், யூஸ்டாச்சியஸ் டி லனாயின் கல்லறை இருக்கிறது. அதன் கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தபோது சிறைப்பட்டவர் அவர். பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, ‘வலிய கப்பித்தான்’ என்று பெயர் வாங்கி, 1777-இல் இங்கேயே இறந்தார். அவர் காலத்தில் கோட்டை புதுப்பிக்கப்பட்டது. உள்ளே பீரங்கி வார்க்கும் பட்டறையும் நடந்தது. இந்தக் கதையை நம்மவர்கள் சொல்லும்போது எத்தனை பீரங்கி, எவ்வளவு நீளத் துப்பாக்கி, எத்தனை பேர் படை என்ற கணக்கோடு பேச்சு முடிந்துவிடும். துப்பாக்கி பிடித்தவன் எவ்வளவு தூரம் பார்த்துச் சுட முடிந்தது என்று யாரும் கேட்பதில்லை. காலாட்படைத் துப்பாக்கியின் முந்நூறு ஆண்டு வரலாற்றில் பெரிய திருப்பங்கள் பலவற்றுக்கும் அந்தக் கேள்விதான் காரணம். நீளமான ரைபிள் நல்லதா, குட்டையான கார்பைன் நல்லதா என்று படைகள் நூறாண்டுக்கு மேல் போட்ட வழக்கில் முக்கால்வாசி, குறிபார்க்கும் கருவியில் கண்ணாடி ஏறியதும் தானாகவே தீர்ந்தது. மிச்சமிருக்கும் கால்வாசி எது என்பதும் அப்போதுதான் தெளிவாயிற்று.

டி லனாய் காலத்து மஸ்கெட்டில் பின்குறி என்று ஒன்றே கிடையாது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் சிப்பாய்களுக்கென்று செய்யவைத்து, பின்னால் பிரிட்டிஷ் படையே ஏற்றுக்கொண்ட ‘இந்தியா பாட்டர்ன்’ மஸ்கெட்டை எடுத்துக்கொள்வோம். அதன் குழல் 39 அங்குலம், கிட்டத்தட்ட ஒரு மீட்டர். குழலின் உள்வாய் முக்கால் அங்குலம். அதில் போடும் ஈயக்குண்டு அதைவிடச் சிறியது. வாய்வழியாக வேகமாகக் கெட்டிக்க வேண்டும் என்பதற்காக விட்ட இடைவெளி அது. குண்டு குழலுக்குள் இப்படியும் அப்படியும் மோதிக்கொண்டு வெளியேறும். கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதைப் பொறுத்துத் திசை மாறும். நூறு கெஜத்துக்கு அப்பால் நிற்கும் தனி ஒருவனைக் குறிவைப்பதில் பொருளே இல்லை. பயனீட்டி என்ற துப்பாக்கி ஈட்டியைப் பொருத்தக் குழல் நுனியில் வைத்த சிறு முனைதான் முன்குறியாகவும் இருந்தது. இவ்வளவு நீளக் குழல் எதற்கு? வரிசையில் பின்னால் நிற்பவனின் குழல் முன்னால் நிற்பவனின் காதைத் தாண்ட வேண்டும். பயனீட்டி செருகினால் குதிரைக்காரனை எட்டிக் குத்த வேண்டும். ஆக நீளம் ஈட்டியின் தேவையிலிருந்து வந்தது. டி லனாய் கற்றுக்கொடுத்ததும் குறிபார்த்துச் சுடுவதை அல்ல. வரிசை கலையாமல் நிற்பதையும், ஆணைக்கு ஒன்றாகச் சுடுவதையும், மறுபடி மருந்து கெட்டிப்பதையும்தான் அவர் கற்றுக்கொடுத்தார்.

பார்வை எட்டாத இடத்தில் குழலும் எட்டாது என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. தலக்குளத்துக்காரரான திவான் வேலுத்தம்பி கம்பெனியை எதிர்த்துக் கிளம்பியபோது, கர்னல் செயின்ட் லெஜர் தலைமையில் ஒரு படை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வந்தது. கணவாயை அடைத்து மலைக்கு மலை நீண்ட அரண் இருந்தது. அதன்மேல் பீரங்கிகள் இருந்தன. பகலில் நேராக ஏறியிருந்தால் கம்பெனிக்குப் பெருஞ்சேதம் வந்திருக்கும். அப்படி அவர்கள் ஏறவில்லை. மேஜர் வெல்ஷ் தலைமையில் ஒரு பிரிவு இரவோடிரவாக மலைச்சரிவில் ஏறி, 1809 பிப்ரவரி 10 விடியும்போது அரணுக்குப் பக்கவாட்டில் நின்றது. அதற்குப் பிறகு அரண்மேல் இருந்த பீரங்கிகளால் பயனில்லை. சில நாளில் உதயகிரியும் பத்மநாபபுரமும் பெரிய சண்டை இல்லாமலே விழுந்தன. திருவிதாங்கூர்ப் படை கலைக்கப்பட்டது. அரண்மனைக் காவலுக்கும் கோயில் சடங்குக்கும் மிஞ்சிய சிலரே பிறகு நாயர் பிரிகேட் ஆனார்கள். இந்தத் தோல்விக்கு அரசியல் காரணங்கள் பல உண்டு. ஆனால் களத்தில் நடந்ததை மட்டும் பார்த்தால், இருட்டில் பார்க்க வழியில்லாத ஒரு படை தன் எல்லா ஆயுதமும் கையிலிருக்கத் தோற்றது.

குழலுக்குள் புரி வெட்டி, குண்டைச் சுழலவிட்டதும் நிலைமை மாறியது. 1853 மாதிரி என்ஃபீல்ட் ரைபிளின் குழலும் பழைய மஸ்கெட்டின் 39 அங்குலம்தான். ஆனால் அதன் பின்குறி ஒரு சின்ன ஏணி. படுத்திருக்கும் அந்தத் தகட்டை நிமிர்த்தி, குறுக்குச் சட்டத்தை மேலே தள்ளினால் 900 கெஜம் வரை அளவு வெட்டியிருக்கும். தூரம் கூடக்கூடச் சட்டம் மேலே போகும். அதன்வழி பார்க்கிறவன் தன்னை அறியாமலே குழலின் வாயை உயர்த்துவான். குண்டு வளைந்து விழும் கணக்கு முழுவதும் அந்த விரலளவுத் தகட்டில் அடங்கியிருந்தது. 1857 கிளர்ச்சியில் இந்த என்ஃபீல்டின் கொழுப்புத் தடவிய தோட்டாவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். கிளர்ச்சி அடங்கியபின் நடந்ததைத்தான் அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்தியச் சிப்பாய்களுக்கென்று தனியாக 1858, 1859 மாதிரிகள் வந்தன. வெளியிலிருந்து பார்த்தால் அதே என்ஃபீல்ட். ஆனால் குழலுக்குள் புரி இல்லை. ஏணிக்குறியையும் எடுத்துவிட்டு, அசையாத ஒரு கட்டையை வைத்தார்கள். குழலின் நீளத்தில் ஓர் அங்குலமும் குறைக்கவில்லை. சிப்பாயிடமிருந்து எதைப் பறித்தால் அவன் ஆபத்தில்லாதவன் ஆவான் என்று ஆட்சியாளர்களுக்குத் தெரிந்திருந்தது. முதல் உலகப்போருக்காக 1914-இல் பிரான்ஸுக்குப் போன இந்தியப் படைகூட மார்சேய் துறைமுகத்தில் இறங்கியபின்தான், பிரிட்டிஷ் சிப்பாய் வைத்திருந்த அதே புதுவகை ரைபிளைக் கையில் வாங்கியது.

கார்பைன் பிறந்தது குதிரைக்காரனுக்காக. சேணத்தில் உட்கார்ந்திருப்பவனால் ஒன்றரை மீட்டர் துப்பாக்கியைச் சுமந்து திருப்ப முடியாது. அதனால் என்ஃபீல்ட் வரிசையிலேயே குதிரைப்படைக்கு 21 அங்குலக் குழலும், பீரங்கிப்படைக்கு 24 அங்குலக் குழலும் செய்தார்கள். குட்டையானது கைக்கு அடக்கம், நீளமானது குறிக்குத் துல்லியம் என்று இரண்டாகப் பங்கு பிரித்துவிட்டார்கள். 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போர் அந்தப் பங்கீட்டைக் குலைத்தது. குதிரையில் வந்து, இறங்கி, மறைந்து, நீண்ட தூரம் சுடும் போயர்களுக்கு எதிரே கார்பைன் வைத்திருந்த குதிரைப்படை திணறியது. அந்த அனுபவத்துக்கு விடையாகத்தான் 25 அங்குலக் குழலோடு குட்டை லீ-என்ஃபீல்ட் வந்தது. பழைய நீள ரைபிளுக்கும் கார்பைனுக்கும் நடுவே நிற்கும் ஒரே அளவு, காலாட்படைக்கும் குதிரைப்படைக்கும் பொது. வங்காளத்தின் இச்சாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்து, பிற்காலத்தில் ‘303’ என்ற பெயரிலேயே நம் காவல் நிலையங்கள் வரை வந்து சேர்ந்தது இந்த இனம்தான். அது வெளிவந்தபோது இங்கிலாந்தின் குறிசுடும் வல்லுநர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். குட்டைக் குழல் துல்லியமாகச் சுடாது என்பது அவர்கள் கட்சி. அவர்கள் சொன்னதில் விஷயம் உண்டு. ஆனால் குற்றம் குழலில் இல்லை, குறியில் இருந்தது.

இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இரும்புக் குறியில் மூன்று பொருள்கள் ஒரே கோட்டில் வர வேண்டும்: கண்ணுக்கு அருகே பின்குறி, கை நீளத்தில் முன்குறி, நூற்றுக்கணக்கான மீட்டருக்கு அப்பால் இலக்கு. மனிதக் கண்ணால் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தில் உள்ளதைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். அதனால் முன்குறியைத் தெளிவாகவும் மற்ற இரண்டை மங்கலாகவும் பார்க்கப் பழக்குவார்கள். இந்தப் பழக்கத்தில் ஒரு சின்ன வழுக்கல் நேரும்போதுதான் குழலின் நீளம் பேச ஆரம்பிக்கிறது. அமெரிக்க எம்16 ரைபிளில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். அதன் குட்டை வடிவமான எம்4 கார்பைனில் 37. முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினால், 300 மீட்டர் தூரத்தில் எம்16-இன் குண்டு 60 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். எம்4-இன் குண்டு 80 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். நீள ரைபிளின் துல்லியம் என்று தலைமுறை தலைமுறையாகப் பேசியதில் பெரும்பங்கு இந்த இருபது சென்டிமீட்டர்தான். குழலைக் குறைத்தால் துல்லியம் தானே குறையும் என்பது சரியல்ல. தடிமன் ஒன்றாக இருந்தால் குட்டைக் குழல் நீளக் குழலைவிட விறைப்பானது, சுடும்போது குறைவாகவே அதிரும். கண்ணாடிக் குறி வந்ததும் இந்தக் கணக்கே இல்லாமல் போயிற்று. அதில் இரண்டு குறிகளை ஒன்றாக்க வேண்டியதில்லை. செம்புள்ளிக் குறி எனப்படும் வகையில் ஒரு சிறு விளக்கின் ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, இலக்கின் தூரத்திலேயே ஒரு புள்ளி மிதப்பதுபோல் தெரியும். தலை கொஞ்சம் அசைந்தாலும் புள்ளி பெரும்பாலும் இலக்கை விட்டு விலகாது. இரண்டு கண்ணையும் திறந்துவைத்தே சுடலாம். உருப்பெருக்கும் குறியில் இலக்கும் குறிக்கோடும் ஒரே தெளிவில் தெரியும். குழல் 50 சென்டிமீட்டரா 37-ஆ என்பது குறிபார்க்கும் வேலையில் இனி ஒரு பொருட்டே இல்லை.

உண்மையில் எவ்வளவு தூரம் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. 1952-இல் அமெரிக்கத் தரைப்படைக்காக நடந்த ஓர் ஆய்வு, காலாட்படைச் சண்டையில் துப்பாக்கிச்சூடு பெரும்பாலும் 300 கெஜத்துக்குள் நடக்கிறது, அதற்கு மேல் நிலத்தின் மேடுபள்ளமும் மரஞ்செடியும் பார்வையை மறைத்துவிடுகின்றன என்று கணக்குக் காட்டியது. ஏணிக்குறியில் 900 கெஜம் வெட்டியிருந்தாலும் பார்வைக்கு எட்டுவது அதில் மூன்றில் ஒரு பங்குதான். குலசேகரம், திற்பரப்பு, பேச்சிப்பாறை வட்டாரத்தை நினைத்தால் இது எளிதில் புரியும். ரப்பர் மரங்கள் வரிசைகட்டி நிற்கும் சரிவில், வரிசைக்கு நேராகப் பார்த்தால் கொஞ்ச தூரம் தெரியும்; சற்றே சாய்ந்து பார்த்தால் சில பத்து மீட்டருக்குள் மரங்கள் சுவராகிவிடும். அங்கிருந்து இறங்கி நாஞ்சில் நாட்டு வயல்வெளிக்கு வந்தால் பார்வை கிலோமீட்டர் கணக்கில் விரிகிறது. வடக்கே திரும்பி மலையேறினால் பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்மலை தெரிகிறது. ஒரே மாவட்டத்தில் மூன்று பார்வைத் தூரங்கள். எந்த நீளம் நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை என்பதை நிலமே சொல்கிறது. கைக்கு அடக்கமானது பெரும்பாலான இடங்களுக்குப் போதும், அதன்மேல் கண்ணாடி இருந்தால். நீள ரைபிளை விடாப்பிடியாகப் பிடித்திருந்த அமெரிக்க மரைன் படைகூட, நான்கு மடங்கு உருப்பெருக்கும் குறியோடு பத்தாண்டு போரிட்டபின், 2015-இல் தன் காலாட்படைக்கு எம்4 கார்பைனையே ஏற்றுக்கொண்டது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. குறி சரியாக இருந்தால் மட்டும் போதுமா, போய்ச் சேரும் குண்டுக்கு வேகம் வேண்டாமா? குழல் குறைந்தால் மருந்தின் வாயு குண்டைத் தள்ளும் நேரம் குறைகிறது. எம்16-இலிருந்து வினாடிக்கு 948 மீட்டர் வேகத்தில் கிளம்பும் அதே 5.56 மில்லிமீட்டர் தோட்டா எம்4-இலிருந்து ஏறத்தாழ 905 மீட்டரில்தான் கிளம்புகிறது. அந்தச் சிறிய குண்டின் தாக்கம் வேகத்தை நம்பியிருப்பதால், தூரத்தில் அதன் பலன் சீக்கிரம் மங்குகிறது. ஆப்கானிஸ்தானின் பள்ளத்தாக்குகளில் இந்தக் குறை பெரிதாகப் பேசப்பட்டது. வழக்கில் தீராத கால்வாசி இதுதான். கண்ணாடி இதைத் தீர்க்கவில்லை, தீர்க்கவும் முடியாது. ஆனால் எதைத் திருத்த வேண்டும் என்பதை அதுதான் தெளிவாக்கியது. ஒரு வழி, குட்டைக் குழலுக்கென்றே தோட்டாவை மாற்றுவது. 2010-இல் அமெரிக்கா கொண்டுவந்த புதிய 5.56 தோட்டா அப்படிப்பட்டது. இன்னொரு வழி, குழலைக் குறைக்காமல் துப்பாக்கியைக் குறைப்பது. நம் சிறப்புப் படைகள் வாங்கிய இஸ்ரேலின் டாவோரில் தோட்டாப்பெட்டி விசைக்குப் பின்னால் போவதால், 46 சென்டிமீட்டர் குழல் 72 சென்டிமீட்டர் துப்பாக்கிக்குள் அடங்கிவிடுகிறது. மூன்றாவது வழி, பெரிய தோட்டாவுக்கே திரும்புவது. 5.56 அளவு இன்சாஸ் ரைபிளுக்குப் பிறகு நம் தரைப்படை 2019-இல் 72,400 சிக் 716 ரைபிள்களை 7.62×51 அளவில் வாங்கியது இதற்காகத்தான். மூன்று வழியிலும் யாரும் பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கண்ணாடி உடையும், பனிமூட்டம் படியும், பேட்டரி தீரும், இரும்புக்கு அந்தத் தொல்லை இல்லை என்பது இரண்டாவது மறுப்பு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் அடிக்கும் நம் மாவட்டத்தில், கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிப்பதைப் பார்த்தவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இந்த மறுப்பு முப்பது நாற்பது ஆண்டுக்கு முந்தியது. போர்க்களக் குறிகளின் உட்குழாயில் காற்றை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்பி அடைக்கிறார்கள். உள்ளே ஈரமில்லை, அதனால் உட்புறம் மூட்டம் படிவதில்லை. செம்புள்ளிக் குறிகளில் பல ஒரே பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் எரியும். மரைன் படை பயன்படுத்திய குறியில் பேட்டரியே இல்லை; பகலில் ஒளியிழையும் இரவில் டிரிட்டியமும் குறியை ஒளிரவைக்கின்றன. பிரிட்டன் 1985-இலேயே நான்கு மடங்கு குறியைச் சாதாரணக் காலாட்படைக்குக் கொடுத்துவிட்டது. உடைந்தால் சமாளிக்க மடக்கும் இரும்புக்குறி பக்கத்திலேயே இருக்கலாம். இரும்பைக் கைவிடச் சொல்ல வேண்டியதில்லை. அது மாற்று ஏற்பாடாக இருந்தால் போதும்.

மூன்றாவது மறுப்பு, ஆயுதத்தைவிடப் பயிற்சிதான் பெரிது என்பது. குளச்சலுக்குப் பிறகு திருவிதாங்கூர்ப் படை வளர்ந்ததே பயிற்சியால்தான். 1914-இல் நிமிடத்துக்குப் பதினைந்து முறை 300 கெஜத்தில் குறிவைத்துச் சுட்ட பிரிட்டிஷ் சிப்பாயிடம் இருந்ததும் வெறும் இரும்புக்குறி. உண்மைதான். ஆனால் அந்தச் சிப்பாய் ஆண்டுக்கணக்கில் சம்பளத்துக்குப் பயிற்சி எடுத்தவன். போரின் முதல் சில மாதங்களிலேயே அவனைப் போன்றவர்கள் பெரும்பாலும் மாண்டுபோனார்கள். அவர்கள் இடத்துக்கு வந்தவர்களுக்கு அந்தத் திறமையை அவ்வளவு சீக்கிரம் ஊட்ட முடியவில்லை. கண்ணாடிக் குறியின் மதிப்பு இங்கேதான். அது பயிற்சிக்குப் பதில் அல்ல. சராசரி ஆளைக் குறைந்த நாளில் தேர்ந்தவனின் அருகே கொண்டுவந்து நிறுத்தும் கருவி. உதாரணமாக, நம் படை குறிசுடுநருக்குக் கொடுக்கும் டிராகுனோவின் குறியில் ஒரு வளைகோடு உண்டு, 1.7 மீட்டர் உயர மனிதனின் உருவம் அந்தக் கோட்டில் எங்கே பொருந்துகிறது என்று பார்த்தால் தூரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கண்ணளவில் தூரத்தை மதிப்பிடப் பழக மாதங்கள் ஆகும் வேலையைக் கண்ணாடியில் கீறிய ஒரு கோடு செய்துவிடுகிறது.

அப்படியானால் கண்ணாடியை யார் செய்கிறார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வியாகிறது. முதல் உலகப்போர் தொடங்கியபோது பிரிட்டனுக்கு ரைபிள் செய்யத் தெரியும். நல்ல ஒளியியல் கண்ணாடிக்கு மட்டும் ஜெர்மனியின் ஜேனாவை நம்பியிருந்தது. போர் மூண்டதும் அந்தக் கண்ணாடி நின்றுபோயிற்று. அகழிகளில் ஜெர்மானியக் குறிசுடுநர்கள் தொலைநோக்கிக் குறியோடு உட்கார்ந்திருக்க, பிரிட்டன் தடுமாறியது. இரண்டாம் உலகப்போரில் அந்தப் பாடத்தின் ஒரு பகுதி இந்தியாவுக்கும் வந்தது: 1943-இல் டேராடூனில் ஒளியியல் கருவிகளுக்கான படைக்கலத் தொழிற்சாலை தொடங்கியது. விடுதலைக்குப் பின் கல்கத்தா ஜாதவ்பூரில் அமைந்த மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆய்வகத்தில் ஆத்மா ராம் தலைமையில் ஒளியியல் கண்ணாடியை உள்நாட்டிலேயே உருக்கினார்கள். 1966-இல் திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. இன்சாஸ் தொடங்கி, இன்று திருச்சி அசால்ட் ரைபிள், அதன் குட்டை வடிவமான ‘டிரிக்கா’ கார்பைன் வரை அங்கே ஆகின்றன. உதயகிரிப் பட்டறை இருந்த தமிழ்நாட்டு மண்ணில் இன்று படைத் துப்பாக்கி பெரிய அளவில் ஆவது திருச்சியில்தான். குழல் நம்மால் முடியும். கண்ணாடியில்தான் நாம் எப்போதும் பின்தங்கிப் புறப்படுகிறோம். 2019-இல் வாங்கிய 7.62×51 ரைபிள்களின் விலை ஏறத்தாழ 700 கோடி ரூபாய் என்று அப்போது செய்தி வந்தது. அந்த வகை ரைபிளுக்கு இரவுக்குறி வாங்க 659.47 கோடி ரூபாய்க்குப் பாதுகாப்பு அமைச்சகம் ஓர் இந்தியக் கூட்டமைப்போடு ஒப்பந்தம் போட்டது 2025 அக்டோபரில். ரைபிளுக்கும் அதன் இரவுக்கண்ணுக்கும் நடுவே ஆறு ஆண்டு. துப்பாக்கிக்கு ஆகும் செலவோடு ஒப்பிடத்தக்க செலவு அதன் கண்ணுக்கும் ஆகிறது என்பதை அந்த இரண்டு தொகைகளுமே சொல்கின்றன.

ஆகவே ரைபிளா கார்பைனா என்று கேட்டால் பதில் இப்படித்தான் இருக்க முடியும்: மலையிலும் பாலையிலும் நிற்கிறவனுக்குப் பெரிய தோட்டாவும் அதற்கேற்ற குழலும் வேண்டும், காட்டிலும் தெருவிலும் வண்டிக்குள்ளும் இருப்பவனுக்குக் கார்பைன் போதும், இருவருக்கும் கண்ணாடிக் குறி கட்டாயம். 1859-இல் இந்தியச் சிப்பாயின் துப்பாக்கியிலிருந்து ஏணிக்குறியைக் கழற்றியவர்களுக்கு இதன் மதிப்பு தெரிந்திருந்தது. இனி எந்தத் துப்பாக்கி வாங்கும் அறிவிப்பு வந்தாலும் எண்ணிக்கையையும் தோட்டா அளவையும் மட்டும் பார்க்காமல், அதோடு குறி வருகிறதா, அந்தக் கண்ணாடி எங்கே ஆகிறது என்று வாசகர் கேட்க வேண்டும். குறியை அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்குத் தள்ளிப்போடும் கொள்முதல் பாதிக் கொள்முதல்தான்.